கண்ணுக்கு ஒரு புது மடை: கிளாகோமா சிகிச்சைக்காகக் கொல்கத்தா வந்த கதை

போன ஆடி மாதம், எங்கள் ஊர் முதியோர் வகுப்பில் நான் உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். “ஐயா, ஒரு வரிய முடிச்சிட்டு அடுத்த வரிக்கு வராம, அதுக்கும் கீழ இருக்கற வரிக்குத் தாவிடுறீங்க” என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் எழுத்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததே அறுபத்தாறு வயதில்தான். இப்போது அறுபத்தெட்டு. நம் மண்டையில் இவ்வளவுதான் ஏறும் என்று நினைத்துக்கொண்டேன். வரியின் தொடக்கம் தெரியாமல் போவதற்கு என் படிப்பைத்தான் குறை சொன்னேன். கண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை.

டீச்சர் யோசித்தார். எனக்குக் கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய் இருப்பதும், அதற்கு நான் மூன்று விதமான சொட்டு மருந்து போடுவதும் அவருக்குத் தெரியும். “இது படிப்போட கோளாறு இல்லைங்க. உங்க பொண்ணுகிட்ட இன்னிக்கே பேசுங்க” என்றார். என் மகள் கலைச்செல்வி கொல்கத்தாவில் நியூ டவுனில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள். அன்று மாலையே பேசினேன். “கெளம்பி இங்க வாப்பா” என்றாள். வேறு பேச்சே இல்லை.

இந்த இணையப் பக்கம் என் மகள் கலையுடையது. மலை, கடல், காடு என்று போய்வந்து எழுதுவாள். இந்த முறை எழுதுவது நான். போன் திரையில் விரலால் எழுதினால் அது அச்செழுத்தாக மாறிவிடுகிறது. என்ன அதிசயம் பாருங்கள்! ஒரு நாளைக்கு ஒரு பத்தி, சில நாள் அரைப் பத்தி. கண் சிகிச்சைக்காக இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று அவள்தான் எழுதச் சொன்னாள்.

முதலில் நோயைப் பற்றி நான்கு வார்த்தை. கண்ணுக்குள்ளே ஒரு நீர் ஊறி, வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். வலி கிடையாது. ஓரத்திலிருந்து பார்வை போகும். போனது திரும்ப வராது. என் இடது கண் அப்படித்தான் போயிற்று. இப்போது அதில் ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் உண்டு. வாசிப்பது, நடப்பது, சோற்றில் கல் பார்ப்பது எல்லாம் வலது கண்ணால்தான். அந்த ஒரு கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தப் பயணம்.

“தமிழ்நாட்டில் இல்லாத கண் ஆஸ்பத்திரியா?” என்று கேட்காதவர்கள் இல்லை. நிறைய உண்டு, நல்லவையும் உண்டு. ஆனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை மாதம் அடிக்கடி டாக்டரிடம் போக வேண்டும், சொட்டு போட்டுவிட வீட்டில் ஆள் வேண்டும். என் மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது. ஆள் இருக்கும் ஊருக்குப் போவதுதான் புத்தி. உங்களுக்கும் அதையே சொல்வேன். பெரிய ஊரைத் தேடாதீர்கள், கூட இருக்க ஆள் உள்ள ஊரைத் தேடுங்கள்.

கார்த்திகை முதல் வாரத்தில் கிளம்பினேன். கொல்கத்தாவுக்குப் போக நல்ல காலம் அது, வியர்க்காது. சென்னை சென்ட்ரலில் காலையில் ஏறி மறுநாள் மதியத்துக்கு முன்பு ஹவுரா. தூரம் ஆயிரத்து அறுநூற்று அறுபது கிலோமீட்டர் என்றார்கள். மூன்றடுக்கு ஏசியில் கலை டிக்கெட் போட்டிருந்தாள், ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள். சொட்டு மருந்தைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், சட்டைப்பையில் வையுங்கள். ரயிலில் இருக்கிறோம் என்று ஒரு வேளை கூட விடக் கூடாது.

என் எதிரில் ஒரு வங்காளத் தம்பதி. அந்த அம்மாவுக்கு வேலூரில் இருதய வைத்தியம் முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். சுற்றிப் பார்த்தால் அந்தப் பெட்டியில் பாதிப் பேர் அப்படித்தான், மடியில் பெரிய பெரிய ஸ்கேன் கவர்கள். அந்த அம்மாவின் கணவர் என்னைப் பார்த்து எங்கே என்று சைகையில் கேட்டார். நான் கண்ணைத் தொட்டுக் காட்டி, “கொல்கத்தா, டாக்டர்” என்றேன்.

“உல்டா! தாதா, உல்டா!” என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். தாதா என்றால் அண்ணன், உல்டா என்றால் தலைகீழ். பிறகு பக்கத்துப் படுக்கைகளில் எல்லாம் போய் என்னைக் காட்டிச் சொன்னார். ஊரே தமிழ்நாட்டுக்குப் போகிறது, இந்த மனுஷன் தமிழ்நாட்டிலிருந்து நம் ஊருக்கு வருகிறான் என்று. எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு மாதம் வேலூரில் இருந்ததில் தனக்குத் தமிழ் வந்துவிட்டது என்று சைகையிலேயே காட்டினார். எங்கே, பேசுங்கள் என்றேன். “நாளைக்கு வெறும் வயித்துல வாங்க. ரத்தம் குடுங்க. பணம் கட்டிட்டு வாங்க.” எங்கள் ஊர் நர்ஸ் சொல்வது போலவே இருந்தது. இந்த மூன்றுக்கு மேல் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரிசா தாண்டும் வரை அதையே வைத்துப் பேசினோம். சாப்பாடு வந்தால் “வெறும் வயித்துல வாங்க” என்பார், டீக்காரர் வந்தால் என்னைக் காட்டி “பணம் கட்டிட்டு வாங்க” என்பார். அவர் மனைவி பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுக் கலந்து கொடுத்தார். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. நல்ல ருசி.

ஹவுராவில் கலை வந்து நின்றாள். ஸ்டேஷனுக்குள்ளேயே கீழே இறங்கினால் மெட்ரோ. அது கங்கைக்கு அடியில் போகிறது. சால்ட் லேக் செக்டர் ஐந்து வரை முப்பது ரூபாய். ஆற்றுக்கு அடியில் போகும்போது சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரியும், “இடது பக்கம் பாருப்பா” என்றாள். கண்ணை மட்டும் திருப்பினால் எனக்குத் தெரியாது. தலையை முழுதாகத் திருப்பினேன். தெரிந்தது. மேலே அவ்வளவு பெரிய ஆறு ஓட, கீழே நாங்கள் உட்கார்ந்துகொண்டு போகிறோம்! செக்டர் ஐந்திலிருந்து அவள் ஃபிளாட்டுக்கு ஆப்பில் கார் பிடித்தோம், இருநூறு ரூபாய்க்குள்தான்.

ஆஸ்பத்திரி தெற்குக் கொல்கத்தாவில், கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பெயரை எழுதவில்லை. எல்லாப் பெரிய ஊரிலும் இது போன்ற இடம் உண்டு. முதல் நாள் சோதனைகளுக்கே நான்கு மணி நேரம் ஆகும், பொறுமையோடு போங்கள். கண் அழுத்தம் பார்த்தார்கள், கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் பார்த்தார்கள், நரம்பைப் படம் எடுத்தார்கள். கடைசியில், சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்வை தெரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் இதில் பல வருடமாகத் தப்புச் செய்துவந்திருக்கிறேன்.

பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு மிஷின். அதில் முகவாயை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு, அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளி வந்து வந்து போகும். புள்ளி தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

சோதனை செய்த பெண் என்னைத் தாது, தாது என்று கூப்பிட்டாள். அங்கே தாத்தாவைத் தாது என்கிறார்கள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மிஷினை நிறுத்திவிட்டு என்னமோ சொன்னாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நிறுத்தினாள். மூன்றாம் முறை கலையை உள்ளே கூப்பிட்டாள்.

“அப்பா, நடுவுல பாக்கச் சொன்னா நீ எங்கெங்கயோ பாக்கறியாம்.”

“எங்க புள்ளி வருதோ அங்கதான பாக்கணும்? பாக்கலன்னா எப்படிப் பட்டன அமுக்கறது?”

“ஊர்லயும் இப்படித்தான் பண்ணியா?”

“ஆமா. எல்லாப் புள்ளியையும் புடிச்சிருவேன். ஒண்ணு விட மாட்டேன்.”

கலை தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணிடம் வங்காளத்தில் நீளமாகச் சொன்னாள். நடுவில் வாத்து போலக் கத்தியும் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். விஷயம் இதுதான். நான் வாழ்நாள் முழுக்க வாத்து மேய்த்தவன். அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரம் வாத்துகளை இறக்கிவிட்டு, ஊர் ஊராக, ஆந்திரா வரைக்கும் நடப்போம். அந்தத் தொழிலில் நடுவே இருக்கும் வாத்தை யாரும் பார்ப்பதில்லை. ஓரத்தில் விலகும் வாத்தைத்தான் கண் தேடும். நாய் வருவது ஓரத்தில், பருந்து இறங்குவது ஓரத்தில். ஐம்பது வருடம் இப்படியே பழகிய கண்ணை ஒரு கிண்ணத்துக்குள் வைத்து, சுற்றிலும் புள்ளிகளை ஓடவிட்டால் அது என்ன செய்யும்? ஒவ்வொரு புள்ளியாகத் துரத்திப் பிடித்தது. அதிகம் அமுக்கினால் அதிக மார்க் என்றும் ஒரு நினைப்பு. ஊரில் எடுத்த ரிப்போர்ட்டுகளில் ‘நம்ப முடியாத சோதனை’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததாம். எனக்கு யார் வாசித்துச் சொன்னார்கள்?

கலை என் காதருகே குனிந்தாள். “ஓடற வாத்த விட்ருப்பா. போனா போவட்டும். நடுவுல நிக்குதே ஒண்ணு, அத மட்டும் பாரு. ஓரத்துல தானா தெரிஞ்சா அமுக்கு. தெரியலன்னா சும்மா இரு.”

சும்மா இருந்தேன். அந்த மஞ்சள் விளக்கை விட்டுக் கண்ணை நகர்த்தவில்லை. முதலில் சில புள்ளிகள் வந்தன, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை, அதன் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது புள்ளிகளைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. துரத்தாமல் உட்கார்ந்த அன்றைக்குத்தான் என் வலது கண்ணிலும் எவ்வளவு போய்விட்டது என்று எனக்கே புரிந்தது. கையில் பட்டனை வைத்துக்கொண்டு அந்த இருட்டறையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் இந்தப் பயணத்திலேயே நான் பயந்த நேரம்.

என்னைப் பார்த்த டாக்டரம்மா அந்தச் சோதனையின் படத்தைக் காட்டினார். இடது பக்கமும் மேற்பக்கமும் கறுப்பாக இருந்தது. கறுப்பு நடுவை நெருங்கிக்கொண்டிருந்தது. வரியின் தொடக்கம் எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். மூன்று சொட்டு போட்டும் அழுத்தம் இருபத்தாறு. இந்தக் கண்ணுக்கு அது பன்னிரண்டு, பதின்மூன்றுக்குள் இருக்க வேண்டும் என்றார். பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்றைத் தாளில் வரைந்து, என்னென்ன வழி உண்டு என்று சொன்னார். கலை தமிழில் சொல்லச் சொல்ல, நான் அதை நெல்வயலாக மாற்றிப் புரிந்துகொண்டேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

சொட்டு மருந்துகளில் சில, வயலுக்குள் வரும் நீரைக் குறைக்கும். சில, வடிவதைக் கூட்டும். லேசர் என்பது அடைபட்ட வடிகாலைக் கிளறிவிடுவது போல. கத்தி கிடையாது, சில நிமிடத்தில் முடியும். ஆனால் சில வருடத்தில் அதன் பலன் குறையலாம். எனக்குப் போன வருடம் ஊரிலேயே செய்தார்கள், ஆறு மாதம் நன்றாக இருந்து அழுத்தம் மறுபடி ஏறிவிட்டது. கண்ணின் கோணம் குறுகலாக இருப்பவர்களுக்கு வேறொரு லேசர் உண்டு, கருவிழிக்குப் பின்னால் உள்ள திரையில் சின்ன ஓட்டை போடுவது. என் நோய் அந்த வகை இல்லை. மிகச் சின்னக் குழாயை உள்ளே பதிக்கும் புது முறைகளும் வந்திருக்கின்றன, பெரும்பாலும் கண்புரை ஆபரேஷனோடு சேர்த்துச் செய்வார்கள். நோய் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு நல்லது, எனக்கு வேண்டிய அளவுக்கு அழுத்தத்தை இறக்காது என்றார். வரப்பையே வெட்டிப் புது மடை திறப்பது போன்றது டிராபெகுலெக்டமி என்கிற ஆபரேஷன். அதுவும் தூர்ந்துபோனால் வால்வு வைத்த குழாய் பதிப்பார்கள். எனக்கு அவர் சொன்னது புது மடை.

“எந்தக் கண்ணுல?” என்று கேட்டேன்.

“வலது கண்ணுலதான்ப்பா” என்றாள் கலை.

வீடு திரும்பினோம். நியூ டவுன் ஃபிளாட்டில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, “நாளைக்கு ஊருக்கு டிக்கெட் போடு” என்றேன்.

“இன்னாப்பா, சின்னப் புள்ளையாட்டம்?”

“இருக்கறது ஒத்தக் கண்ணு. அதுலயே கத்தி வெப்பாங்களா? ஏதாச்சும் ஆச்சுன்னா? நான் இப்பதான் பேப்பர் படிக்க ஆரம்பிச்சிருக்கேன்.”

“வெக்கலன்னாலும் போயிரும்ப்பா. மெதுவாப் போவும். அந்தப் படத்துல கறுப்பு எங்க நிக்குதுன்னு நீயே பாத்த இல்ல?”

பார்த்தேன்தான். பேச்சை மாற்றினேன். “டாக்டரம்மா உன்னையும் டெஸ்ட் பண்ணிக்கச் சொன்னாங்களே? பெத்தவங்களுக்கு இருந்தா புள்ளைங்களுக்கும் வரும்னு?”

“எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு. மார்ச்ல பாத்துக்கலாம்.”

“அப்ப நானும் மார்ச்ல படுத்துக்கறேன்.”

“இது இன்னா பேரமா?”

“ஆமா. முட்ட யாவாரத்துல இதவிடப் பெரிய பேரமெல்லாம் பேசியிருக்கேன். நீ காட்டு, நான் படுக்கறேன்.”

முறைத்தாள். அந்த முறைப்பு அவள் அம்மாவுடையது. ஆனால் போனை எடுத்து நேரம் வாங்கிவிட்டாள்.

அந்தப் பேரத்தைப் பேசியதற்கு என்னை நானே இன்றும் பாராட்டிக்கொள்கிறேன். கலைக்கு வயது முப்பத்தைந்து. அவளுக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம் இருபத்தைந்து இருந்தது. நரம்பில் மிக லேசான மாற்றம். ஃபீல்டு டெஸ்டில் ஒரு குறையும் இல்லை. “நல்ல நேரத்தில் வந்தீர்கள்” என்றார் டாக்டரம்மா. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவர்களுக்கு இப்போது சொட்டுக்கு முன்பே லேசர் செய்வதுண்டாம். சொட்டா லேசரா என்று அவளையே முடிவு செய்யச் சொன்னார். அவள் லேசர் என்றாள். ஒரு கண்ணுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆயிற்று.

நான் வெளியே உட்கார்ந்து, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சாமிகளைக் கூப்பிடுவதற்குள் வந்துவிட்டாள்.

“முடிஞ்சுதுப்பா.”

“இன்னா முடிஞ்சுது? இப்பதான உள்ள போன?”

“அவ்ளோதான். பச்சை வெளிச்சம் டிக் டிக்னு வருது. வலியே இல்ல.”

ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லி அழுத்தம் பார்த்து அனுப்பினார்கள். கரியாஹாட் நடைபாதையில் நின்று புச்கா சாப்பிட்டோம். நம் ஊர் பானிபூரிதான், இங்கே புளி தூக்கல். வெயில் கூசுகிறது என்று இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள், அதோடு சரி. என் இடது கண் எந்த வயதில் கெட ஆரம்பித்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவளுடையது முப்பத்தைந்தில் தெரிந்துவிட்டது. என் ஆபரேஷனே நடக்காமல் போயிருந்தாலும் இதற்காகவே நான் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வந்திருப்பேன்.

பிறகு என் முறை. ஏமாற்றாமல் படுத்தேன். கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார்கள், அது மட்டும் வலிக்கும். முகத்தில் துணி மூடியிருக்கும். கத்தி தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். உள்ளே இருந்தவர்கள் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். எனக்குப் புரிந்த ஒரே சொல் ‘இலிஷ்’. அது மீன். மீன் விலையைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகப் பேசுகிறார்கள் என்றால் என் கண் நல்லபடியாகத்தான் இருக்க வேண்டும் என்று தைரியம் வந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். புண் ஆறும்போது மடை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு மருந்தையும் அங்கே வைத்து எடுக்கிறார்கள். கலை வேலை செய்யும் கம்பெனியின் இன்ஷூரன்ஸில் நான் இருந்ததால் பெரும்பகுதி அதில் போயிற்று. முன்கூட்டியே அனுமதி வாங்க நான்கு நாள் ஆகும், நினைவில் வையுங்கள்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். பனிக்குள்ளே பார்ப்பது போல இருந்தது. ஒரு மஞ்சள் தெரிந்தது. டாக்டரம்மாவின் சேலை. “மஞ்ச” என்றேன். கலை அதை மொழிபெயர்க்கவில்லை, அழுதுவிட்டாள். அழுத்தம் ஒன்பது.

அதன் பிறகு பத்தியம். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு. ஒன்றை மறக்காதீர்கள். ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பழைய அழுத்தச் சொட்டை நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் மற்றக் கண்ணுக்கு அது தொடர வேண்டும். எந்த பாட்டில் எந்தக் கண்ணுக்கு என்று கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். தலைக்குக் குளிக்க முடியாமல் பத்து நாளில் எனக்கு அரிப்பு தாங்கவில்லை. கலை என்னை நியூ டவுனில் ஒரு சலூனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே நாற்காலியில் மல்லாக்கச் சாய்த்து, முகத்தில் ஒரு சொட்டு படாமல் தலையை அலசிவிடுகிறார்கள். நூற்றைம்பது ரூபாய். கடைசியில் அந்த ஆள் கண்ணாடியைக் காட்டி, “தாது, ஹீரோ!” என்றார். நான் ஒரு கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு சோதனை வந்தது. அழுத்தம் இருபத்தொன்று. கலையின் முகம் சுண்டிப்போயிற்று. மடை மூடிக்கொண்டதா, எல்லாம் வீணா என்று கேட்கச் சொன்னேன். டாக்டரம்மா பதறவில்லை. தையலை வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாகப் போட்டிருந்தார்களாம். தளர்வாகப் போட்டால் நீர் ஒரேயடியாக வடிந்து கண் சப்பிப்போய்விடும். அதனால் முதலில் இறுக்கி வைத்து, பிறகு வேண்டியபோது ஒரு தையலை லேசரால் வெட்டிவிடுவார்கள். கண்ணைக் கீறாமல், மேல்தோலுக்கு வெளியே இருந்தே! உட்காரவைத்து ஒரு லென்ஸை அழுத்தினார், இரண்டு வெட்டு வெட்டினார். மறுபடி அளந்தால் பன்னிரண்டு. கலை அந்த மஞ்சள் சேலைக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஊருக்கு ஓடிப்போகாமல் அங்கேயே தங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஆறாம் வாரம் மங்கல் தெளிந்தது. தமிழ்ப் பேப்பர் கரியாஹாட் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் வைத்திருக்கும் மளிகைக்கடையில் பழசாகக் கிடைக்கும், இட்லிப் பொடியைச் சுற்றித் தருவார். அதைப் பிரித்து வைத்து வாசித்தேன். இடது ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டால் அடுத்த வரி தவறுவதில்லை. போன பார்வை வரவில்லை, வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். யாராவது வரும் என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இருப்பது இருக்கிறது. எனக்கு அழுத்தம் பதினொன்று. கலைக்குப் பதினேழு, சொட்டு இல்லாமலேயே.

கடைசி முறை பார்த்தபோது டாக்டரம்மாவிடம் கலையைக் கேட்கச் சொன்னேன், இந்தக் கண் எத்தனை நாள் ஓடும் என்று. அவர் சிரித்துவிட்டு, “தாதுவை விட ஒரு நாளாவது அதிகமாக அது பார்க்க வேண்டும், எங்கள் முயற்சி அதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் ஊரிலேயே காட்டுங்கள். சிவந்தாலோ வலித்தாலோ சீழ் வந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்” என்றார். அந்த மடை இருக்கும்வரை கிருமி உள்ளே போகும் ஆபத்தும் இருக்கும் என்பதால் அப்படி. நீங்களும் இதை மனதில் வையுங்கள். இன்னும் ஒன்று, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் டெஸ்டுக்குப் பிடித்துத் தள்ளுங்கள். வர மாட்டேன் என்றால் பேரம் பேசுங்கள். ஃபீல்டு டெஸ்டில் தெரியாத புள்ளிக்குப் பட்டனை அமுக்காதீர்கள், அங்கே யாரும் மார்க் போடுவதில்லை.

டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. ஆயுசுக்கும் கண் உண்டு என்றால் தமிழோடு ஏன் நிற்க வேண்டும்? இந்த ஊரில் எந்தப் பலகையையும் என்னால் வாசிக்க முடியவில்லை. கலை ஐம்பது ரூபாய்க்குச் சின்னப் பிள்ளைகளின் வங்காள அட்டைப் புத்தகம் ஒன்று வாங்கித் தந்தாள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. எழுத்துக்கு மேலே கோடு போட்டு, அதில் துணி காயப்போட்டது போலத் தொங்கவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது.

நேற்று, ஊர் டாக்டருக்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். நீலமும் மஞ்சளுமாக ஒரு பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியில் முதல் எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்தாக இருந்தது. இரண்டாவதும் தெரிந்தது. விரலை நீட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தேன். “கா… லி… கா… ட். காளிகாட்!”

படியில் தொங்கிய கண்டக்டர் பஸ் பக்கவாட்டைப் பட்பட்டென்று தட்டினார். “ஹே தாது, காளிகாட், காளிகாட்! உடுன், உடுன்!” ஏறச் சொல்கிறார்.

“அப்பா, இது நம்ம பஸ் இல்லப்பா” என்றாள் கலை.

“தெரியும்” என்றேன். “ஏறு.”